மூட்டை தள்ளியவர்கள்

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்து கிரீன்வுட் விமானத் தளத்தில் 413ஆம் ஸ்குவாட்ரன் இருக்கிறது. அதன் சின்னம் மேப்பிள் இலையும் யானைத் தலையும். டிரென்டன் தளத்தில் உள்ள 436ஆம் ஸ்குவாட்ரனுக்கும் யானைதான் சின்னம். அந்த யானை மரக்கட்டை ஒன்றைத் தூக்கி நிற்கிறது. வினிபெக்கில் உள்ள 435க்கு மட்டும் சிங்கம். அதுவும் காட்டுச் சிங்கம் கிடையாது, பர்மாவில் பகோடா வாசல்களில் காவலுக்கு நிற்கும் ‘சிந்தே’. பனியில் தொலைந்தவர்களைத் தேடப் பறக்கிற நாட்டின் விமானங்களில் நம் பக்கத்து யானை எப்படி ஏறியது என்பது எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கிற விஷயம். நான் மேகமலை அடிவாரத்துக்காரன். இங்கே யானை என்றால் கதையில் வருவதில்லை, தோட்டத்துக்கே வரும்.

இரண்டாம் உலகப் போரில் அந்த மூன்று படைப்பிரிவுகளும் நம் பக்கம் இருந்தன. 413 சிலோனில். 435ம் 436ம் மணிப்பூரிலும் பர்மாவிலும். நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்தவன். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, 1970களில் அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில் டக்கோட்டா விமானங்களின் தோலையும் எலும்பையும் கையால் தொட்டுப் பழகினேன். கனடாக்காரர்கள் பர்மாவில் ஓட்டியதும் அதே ரகம்தான். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவின் விமானப்படை வரலாறு என்றால் முதலில் பேசப்படுவது ஐரோப்பா. 1943 ஜனவரி 1 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கனடாவுக்கென்றே தனியாக ஆறாம் குழு என்ற குண்டுவீச்சுப் பிரிவு செயல்படத் தொடங்கியது. வெல்லிங்டன், ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் விமானங்களில் இரவோடு இரவாக ஜெர்மனிக்குப் போய் வந்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் செத்துப்போன கனடியர்கள் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர். இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். அவர்களைப் பற்றிப் புத்தகம் உண்டு, படம் உண்டு, நினைவுச் சின்னம் உண்டு. அது நியாயம்தான். ஆசியாவில் பறந்த கனடியர்களைப் பற்றி அவர்கள் நாட்டிலேயே பேச்சு குறைவு. அவர்களோடு வேலை செய்த நம்மவர்களைப் பற்றி நம் நாட்டிலும் பேச்சில்லை.

முதலில் சிலோன்.

என் தாத்தாவின் தம்பி கொழும்பு பேட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெரும்பாலானோர் பிழைப்புக்கு ஏறியது மேற்கே உள்ள ஏலமலைக்கும் மூணாறு தேயிலைக்கும்தான். கொஞ்சம் பேர் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறி சிலோனுக்கும் போனார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வானத்தில் விமானம் கண்டதாகவும், நம்ம வெள்ளைக்காரன் விமானம்தான் என்று நினைத்துக் கைகாட்டிக்கொண்டு நின்றதாகவும் சின்னத்தாத்தா சொல்வார். துறைமுகப் பக்கம் புகை எழுந்த பிறகுதான் ஓடினார்களாம்.

அந்த விமானங்கள் வரும் என்று முந்தின நாளே ஒருவர் கண்டு சொல்லியிருந்தார். அவர் 413ஆம் ஸ்குவாட்ரனின் லியோனார்ட் பர்ச்சால், கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் 1915இல் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் பறந்துகொண்டிருந்த ஸ்குவாட்ரனை அவசரமாக சிலோனுக்கு அனுப்பியிருந்தார்கள். காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரிதான் அதன் தளம். அதன் விமானம் கேட்டலினா. ஓடுபாதை வேண்டாம், தண்ணீரில் இறங்கித் தண்ணீரில் எழும்பும் பறக்கும் படகு. றெக்கையின் அகலம் 104 அடி. நேரடிச் சண்டைக்கு உதவாத மெதுவான விமானம், ஆனால் ஒரு பகல் முழுக்கக் கடல் மேல் சுற்றி வருகிற பொறுமை அதற்கு உண்டு.

பர்ச்சால் கொக்கலவில் இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 விடியுமுன் புறப்பட்டு, பகல் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே பறந்து, மாலையில் திரும்பப் போகிற நேரத்தில் தெற்கே தொடுவானத்தில் புள்ளிகளாகக் கப்பல்கள் தெரிந்தன. இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல். கிட்டே போய்ப் பார்த்தால், பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள். எண்ணிக்கையையும் திசையையும் வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ சண்டை விமானங்கள் வந்து சுட்டன. செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பது விதி. அதை முடிக்குமுன் வானொலி நொறுங்கியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரைக் கடலிலிருந்து தூக்கிச் சிறைபிடித்தது ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல். போர் முடியும்வரை பர்ச்சால் ஜப்பானில் சிறை முகாம்களில் கிடந்தார். சக கைதிகளை அடித்தபோது குறுக்கே நின்று அடி வாங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 2004இல் காலமானார்.

‘சிலோனின் மீட்பர்’ என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டம் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்பது என் எண்ணம். ஏனென்றால் செய்தி கிடைத்தும் மறுநாள் காலை ரத்மலானை விமானத் தளத்தில் ஹரிக்கேன் விமானங்கள் பல தரையிலேயே மாட்டிக்கொண்டன. அங்கொடை மனநல மருத்துவமனையில் குண்டு விழுந்தது. கடலில் டார்செட்‌ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் அன்றே மூழ்கின. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியும் போயிற்று. அன்று காலை எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிய இன்னொரு 413 கேட்டலினாவில் இருந்த ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. சுட்டுக்கொண்டிருக்கும்போது மோர்ஸ் கட்டையை விடாமல் தட்டிய வானொலிக்காரர்களின் மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்த வாரத்தில் சென்னை காலியானது. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, பட்டணத்தில் இருந்தவர்கள் சட்டி பானையோடு சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். சின்னத்தாத்தாவும் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மதுரையிலிருந்து கரி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்து, அந்த வாயுவில் ஓட்டிய காலம். கணவாய் மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம்.

போரில் எங்கள் பகுதிக்கு நேர்ந்த கண்ணுக்குத் தெரிகிற இழப்பு போடி ரயில். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் வாசத்தோடு 1928இல் வந்த மீட்டர் கேஜ் பாதை அது. போர் நடந்தபோது மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மறுபடி ரயில் வந்தது 1950களில். தண்டவாளம் போன தடத்தில் மாட்டு வண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் என் சிறு வயதில் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். (2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடியது திரும்பத் தேனிக்கு வந்தது 2022இல், போடிக்கு 2023இல். இந்தப் பாதைக்குக் காத்திருப்பது பழகிய விஷயம்.)

ஜப்பானியரிடம் பர்மா விழுந்ததில் இன்னொன்றும் போனது: அரிசி. திருவாங்கூர் வெகுவாக நம்பியிருந்தது பர்மா அரிசியை. அது நின்றவுடன் எங்கள் பள்ளத்தாக்கின் முல்லைப்பெரியாற்று நெல்லுக்குக் கிராக்கி ஏறியது. குமுளிப் பாதையிலும் போடிமெட்டுப் பாதையிலும் தலைச்சுமையாக அரிசி ஏறியதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரிசி மூட்டையை மலைக்கு மேலே கொண்டுபோவது என்ன வேலை என்று எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆட்களில் சிலர்தான் பட்டாளத்தில் சேர்ந்து, இம்பாலில் கனடாக்காரனின் டக்கோட்டாவில் அரிசி மூட்டை ஏற்றினார்கள்.

435ம் 436ம் 1944இன் பிற்பகுதியில் பஞ்சாபின் குஜ்ராத் என்ற ஊரில் தொடங்கப்பட்டன. டிசம்பரில் 435 இம்பாலுக்குப் பக்கத்தில் துலிஹால் தளத்துக்கு வந்தது. 436 கங்லாவில் இறங்கிப் பிறகு அக்யாப், ராம்ரீ தீவு என்று பர்மாக் கரைக்குப் போனது. அப்போது ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் படை பர்மாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியர்கள். மெட்ராஸ் சாப்பர்கள் பாலம் போட்டார்கள், ஓடுபாதை போட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் சண்டையில் இருந்தது. சாலை பின்தங்கிவிட்டது, படை முன்னே போய்க்கொண்டே இருந்தது. சோறும் தோட்டாவும் கோவேறு கழுதைக்குத் தீவனமும் வானத்திலிருந்துதான் விழ வேண்டும்.

டக்கோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகப் பதினான்கு சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். இராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் விடிகாலையில் ஆட்கள் சேர்ந்து புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவோம். அஸ்ஸாம் குளிரில் அந்த உலோகம் உள்ளங்கையில் சில்லிடும். உடம்பு அலுமினியம் என்றாலும் சுக்கானும் வால்பக்க எலிவேட்டரும் துணி போர்த்தியவை. துணி கிழிந்தால் ஊசி நூலால் தைத்து, டோப் என்ற பசைச் சாயத்தைப் பூச வேண்டும். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மூன்று டன் சுமக்கும். மேடு பள்ளமான மண் ஓடுபாதையில் இறங்கும். அந்த விமானத்தை எனக்குப் பிடிக்கும், அதை மறைத்து எழுத முடியாது.

சரக்கு போடுகிற முறை 1945இல் என்னவோ அதேதான் எங்கள் காலத்திலும் அருணாசலக் காவல் சாவடிகளுக்கு. இடப்பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பறப்பார்கள். உடையாத சரக்குக்குப் பாராசூட் இல்லை, ‘ஃப்ரீ டிராப்’. அரிசியைச் சாக்கில் கட்டி, அந்தச் சாக்கை இன்னும் பெரிய சாக்குக்குள் தளர்வாகப் போட்டுத் தைப்பார்கள். தரையில் அடித்ததும் உள்சாக்கு வெடிக்கும், வெளிச்சாக்கு அரிசியைப் பிடித்துக்கொள்ளும். மருந்து, வெடிபொருளுக்குப் பாராசூட். பட்டும் நைலானும் போதவில்லை என்றபோது ஸ்லிம் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைப் பிடித்து, சணலிலேயே பாராசூட் செய்யவைத்தார். ஆள் குதிக்க உதவாது, மூட்டை இறங்கப் போதும். விலையில் சாதாரணப் பாராசூட்டுக்கு இருபதில் ஒரு பங்கு. பர்மாப் போரில் நடந்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதை முன்வரிசையில் வைப்பேன்.

விமானி பள்ளத்தாக்குக்குள் தாழ இறங்கி, மலையை ஒட்டித் திரும்பி, மறுபடி மறுபடி அதே இடத்தின் மேல் வர வேண்டும். ஒரு சுற்றில் சில மூட்டைதான் தள்ள முடியும். மணி அடித்ததும் தள்ளு, நின்றதும் நிறுத்து. சுமையெல்லாம் தீரும்வரை தாழ்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற விமானத்தில் துப்பாக்கி கிடையாது. 1945 ஜனவரி 12 அன்று ஷ்வேபோ பக்கம் 435இன் டக்கோட்டாக்கள் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜப்பானிய ஆஸ்கர் சண்டை விமானங்கள் பாய்ந்து சிலவற்றை வீழ்த்தின. ஆனாலும் அவர்களுக்கு எதிரியைவிடப் பெரிய எமன் மழைமேகம். மே மாதத்துக்குப் பிறகு பர்மா மலைகளில் எழும் கார்மேகத்துக்குள் போன விமானம் முழுசாக வெளியே வரும் என்று நிச்சயம் இல்லை. 1945 ஜூனில் அப்படிப் போன ஒரு கனடிய டக்கோட்டா அரை நூற்றாண்டு கழித்துத்தான் காட்டுக்குள் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த ஆறு பேரை 1997இல் ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியன் போர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

மூட்டை கட்டியது, லாரியில் ஏற்றியது, விமானத்துக்குள் அடுக்கியது எல்லாம் பெரும்பாலும் இந்திய ராணுவத்தின் வழங்கல் படை, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. கதவோரம் நின்று தள்ளவும் அவர்களில் பலர் ஏறினார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். முறைக்கு எனக்கு மாமா. நான் லீவில் வரும்போதெல்லாம் திண்ணையில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். டக்கோட்டாவில் வேலை செய்கிறேன் என்றதும் அவருக்கு என்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

“மாப்ள, இப்பவும் அந்தக் கதவுக்கிட்ட கம்பி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு மாமா.”

“அதுல இடுப்புக் கயித்தக் கட்டிக்கிட்டு, முதுகச் சாச்சுக் காலால ஒதைக்கணும். கையால தள்ளுனா நீயும் சேந்து போயிருவ. கீழ பாக்கக் கூடாது மாப்ள. பாத்தா வயிறு பெரட்டும். வாந்தி எடுத்துக்கிட்டேதான் ஒதச்சோம்.”

கனடாக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். தோளில் ‘கனடா’ என்று எழுதியிருக்கும், மற்றவர்களைவிட இவர்கள் கலகலப்பாகப் பேசுவார்கள், திரும்பி வரும்போது சிகரெட் கொடுப்பார்கள் என்றார். “ஆனா பேரு ஒண்ணும் தெரியாது மாப்ள. அவனுக்கு எம் பேரும் தெரியாது.” காயம்பட்டவர்களைத் திரும்புகிற விமானத்தில் ஏற்றிவந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். அரிசி கொட்டிக் கிடந்த அதே தரையில் ரத்தம் ஒழுகியதை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அடுத்த சரக்கை அடுக்கினார்களாம்.

அவருடைய பங்காளி ஒருவர் மலாயாத் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்து அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் இருந்தார். ஒருவர் வானத்திலிருந்து அரிசி தள்ள, இன்னொருவர் கீழே அரிசி இல்லாமல் காட்டுக் கீரை தின்றார். இருவரும் பிறகு ஒரே தெருவில் கிழவர்கள் ஆனார்கள். அவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துப்போன தமிழர்களின் கதை இதைவிடக் கொடியது. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்காக அவர்கள் பல்லாயிரக் கணக்கில் செத்தார்கள். அந்தப் பாதையின் பாலங்களை உடைக்க வங்காளத்திலிருந்து நான்கு எஞ்சின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் போயின. அவற்றில் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களும் இருந்தன, அந்த ஸ்குவாட்ரன்களில் கனடிய விமானிகளும் வழிகாட்டிகளும் துப்பாக்கிக்காரர்களும் நிறையப் பேர். பாலத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு பக்கத்து முகாமிலும் விழுந்தது. மேலே இருந்தவன் தன் கடமையைச் செய்தான், கீழே இருந்தவனுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. அந்த முகாம்களில் செத்த தமிழர்களுக்கு தௌக்கியன் மாதிரி வரிசையாகப் பெயர் பொறித்த கல் கிடையாது.

அந்த லிபரேட்டர்களின் பின்கதை நம் கைத்திறனின் கதை. போர் முடிந்து பிரிட்டிஷார் போகும்போது கான்பூரில் லிபரேட்டர்களைக் குவித்து, யாருக்கும் உதவாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் அந்தக் குவியலில் புகுந்து, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்திப் பறக்கவைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் புதுக்கினார்கள். மொத்தம் 42 விமானங்கள். 1948இல் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. உலகத்தில் வேறெங்கும் லிபரேட்டர் படைச் சேவையில் இல்லாத காலத்திலும், 1968 வரை நம்மிடம் பறந்தது. தாம்பரத்தில் எனக்குப் பாடம் நடத்திய சார்ஜென்ட் ஒருவர் அவற்றில் வேலை செய்தவர். ரிவெட் அடிக்கும்போது தவறினால், “லிபரேட்டரைக் குப்பையிலிருந்து எழுப்பிய படையில் சேர்ந்திருக்கிறாய், ஒழுங்காக அடி” என்பார்.

அப்படி எழுப்பிய ஒன்றைத்தான் 1968இல் கனடாவுக்குக் கொடுத்தோம். போர்க்காலத்தில் கனடாவின் விமானப்படை அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளைத் தேட லிபரேட்டரை வைத்திருந்தது. பின்னாளில் அவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கான்பூர்க் குவியலிலிருந்து வந்த இந்தியாவின் விமானம் பறந்தே கனடா போய், இன்று ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர்கள் நமக்கு ஒரு லைசாண்டர் தந்தார்கள். அது டெல்லியின் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

435, 436 ஸ்குவாட்ரன்களின் தினசரிப் பதிவேடுகளைக் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருக்கிறது. எந்தத் தேதியில் எந்த விமானம் எங்கே எவ்வளவு சரக்குப் போட்டது, யார் ஓட்டினார் என்று அதில் வரும். கதவோரம் உதைத்தவன் பெயரை அதில் தேடிப் பயனில்லை. அது இருந்தால் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, ஆண்டிபட்டிப் பக்கம் யார் வீட்டிலாவது தாத்தாவின் பழைய டிஸ்சார்ஜ் புத்தகமோ சம்பளப் புத்தகமோ கிடந்தால், அதில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருக்கிறதா, எந்தக் கம்பெனி, எந்த வருஷம் இம்பாலில் இருந்தார் என்று பாருங்கள். எடைக்குப் போட வேண்டாம். மாமாவின் புத்தகம் கரையான் அரித்துப் போனது. கம்பெனி எண் இருந்த பக்கம் மட்டும் தப்பியது, அதை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.